ஆத்தா கேட்ட சீனி

இங்கிட்டு வாம்மா, இங்கிட்டு உக்காரு. அந்தப் பக்கத்து ஃபேன் ஓடாது. பையை எடுத்து என் மடியில வச்சுக்கிறேன், நீ உக்காரு. இந்த நாற்காலியில இருந்தாத்தான் அந்தக் கதவு நேரா தெரியும். என் மருமக உள்ள இருக்கா. ஸ்கேன். அஞ்சாம் மாசம். ஆமாமா, தலைப்பிள்ளைதான்.

சாதா ஸ்கேன் இல்லையாம் இது. பிள்ளையோட நெஞ்சை மட்டும் உத்து உத்துப் பாக்கிற ஸ்கேனாம். காலையிலேயே ஒருக்கா உள்ள போனா. பிள்ளை குப்புறப் படுத்துக்கிட்டு முதுகைக் காட்டுதுன்னு சொல்லி, "கொஞ்ச நேரம் நடந்துட்டு வாங்க"ன்னு வெளியே அனுப்பிட்டாங்க. நடந்தா, நடந்தா, இந்த வராண்டாவையே தேய்ச்சுட்டா. இப்ப மறுபடி கூப்பிட்டிருக்காங்க. போயி ரொம்ப நேரமாச்சு. நெஞ்சு சின்னதுதானே, அதைப் பாக்க இம்புட்டு நேரமா? ம்? ஆமா, சின்னதுன்னாத்தான் நேரமாகும். நீ சொல்றதும் சரிதான்.

எனக்கா? எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன். இந்தப் பஞ்சைப் பாத்துக் கேக்கிறியா? அது ரத்தம் எடுத்தாங்க. வெறும் வயித்துல ஒண்ணு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு. "வந்தது வந்தாச்சு, கீழ லேபுல கொடுத்துட்டு வாங்க அத்தே"ன்னு அவ பண்ற அழும்பு. எனக்குச் சுகரெல்லாம் கிடையாதும்மா. எங்க வம்சத்துலயே கிடையாது. எங்கப்பாவுக்கு மட்டும் காலை எடுத்தாங்க, அது ஆணி குத்தி ஆறாமப் போனது. சுகர் இருக்கிறது என் மருமகளுக்கு.

இருபத்தாறு வயசுதான். ஏழாவது படிக்கையில வந்துச்சாம். சின்னப் பிள்ளைகளுக்கும் வருமாமே. நம்ம வயித்துக்குள்ள இன்சுலின்னு ஒண்ணு ஊறணுமாம், அது இவளுக்கு ஊறாதாம். மாத்திரைக்குக் கேக்காது. தினம் ஊசி, தனக்குத்தானே போட்டுக்குவா. நாம பூ வைக்கிற மாதிரி, பேசிக்கிட்டே வயித்துல குத்திட்டு அடுத்த வேலையைப் பாப்பா.

மறைச்சுக் கட்டி வச்சாங்களான்னு கேக்க வர்ற, அதானே? இல்லை. உசிலம்பட்டியில பொண்ணு பாக்கப் போயிருந்தோம். கேசரியும் பஜ்ஜியும் வச்சாங்க. இந்தப் புள்ள காபியைக் கொடுத்துட்டு உள்ள போகாம நின்னுச்சு. "எனக்குச் சின்ன வயசுல இருந்து சுகர் இருக்கு. தினமும் நாலு தடவை ஊசி போட்டுக்கிறேன். யோசிச்சுச் சரின்னா சரின்னு சொல்லுங்க"ன்னு பளிச்சுனு சொல்லிருச்சு. அவங்கம்மா சேலைத் தலைப்பைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறாக. நான் எம்மவன் பால்ராசு முகத்தைப் பாக்கிறேன், அவன் அந்தப் புள்ளை முகத்தையே பாக்கிறான். சரி, முடிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். "சீனிதானே? எங்க வீட்ல ரேஷன்ல வாங்குறதே மிஞ்சிக் கிடக்கு"ன்னு சொன்னேன் பாரு, வீடே சிரிச்சிருச்சு.

அப்படிச் சொல்ல ஒரு மனசு வேணும்மா. எனக்கு அது உண்டு. ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டேன். எங்க ஆளுகளுக்கு மட்டும் இது தெரியக் கூடாது.

ஏன்னா நான் நாலு வீட்டுக்குப் போறவ. சீர்த்தட்டு வைக்கிறவ. திருமங்கலத்துல நிச்சயதார்த்தம், சடங்கு, வளைகாப்பு எதுன்னாலும் தவமணியோட தட்டுத்தான். லட்டுல கோபுரம் கட்டுவேன், வெத்திலையில மயில் செய்வேன். தட்டு வச்ச வீட்ல எல்லாம் வம்சம் விளங்குதுன்னு எனக்கு ஒரு பேரு. அப்பேர்ப்பட்டவ வீட்லயே மருமக ஊசி போடுறான்னா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதுலயும் எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி ஒருத்தி இருக்கா, பஞ்சவர்ணம். அவ காதுல விழுந்தா உசிலம்பட்டியில இருந்து மதுரை வரைக்கும் தண்டோரா போட்ட மாதிரிதான்.

அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் எடும்மா. என்ன வெயிலு, தாகம் தாகமா வருது.

எங்க விட்டேன்? ஆங். கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஆகல. புருசனும் பொண்டாட்டியும் டாக்டர்கிட்டக் கிளம்புறாங்க. என்னடான்னு கேட்டா, "பிள்ளைக்கு ப்ளானிங்மா"ங்கிறான். எனக்குத் தெரிஞ்ச ப்ளானிங்கு ரெண்டு பெத்ததுக்கப்புறம் பண்றது. ஒண்ணுமே பெக்காம என்னடா ப்ளானிங்குன்னு நானும் ஆட்டோவுல ஏறிட்டேன். வினோதினி, அதான் என் மருமக, தள்ளி உக்காந்து இடம் விட்டா.

டாக்டரம்மா சின்ன வயசு. ஆனா பொறுமையாச் சொன்னாங்க. "உண்டாகியிருக்குன்னு நமக்குத் தெரியறதுக்குள்ளயே பிள்ளைக்கு நெஞ்சும் முதுகுத்தண்டும் உருவாக ஆரம்பிச்சிரும்மா. நாள் தள்ளிப்போச்சேன்னு நீங்க யோசிக்கிறப்ப அங்க பாதி வேலை நடந்திருக்கும். அந்தச் சமயத்துல தாயோட ரத்தத்துல சீனி கூடுதலா இருந்தா, பிள்ளையோட நெஞ்சுல கோளாறு வர வாய்ப்பு இருக்கு. அதனால முதல்ல சுகரைப் பிடிச்சு நிறுத்துவோம். அப்புறமா பிள்ளை"ன்னாங்க. மூணு மாசச் சுகர்னு ஒரு கணக்கு இருக்காமே, உனக்குத் தெரியுமா? அது அப்ப இவளுக்கு ஒம்பதுகிட்ட இருந்துச்சு. ஆறரைக்குக் கீழ வரணும், அதுவரைக்கும் உண்டாகாமப் பாத்துக்கணும், கண்ணையும் கிட்னியையும் பரிசோதிச்சுக்கணும், ஒரு சத்து மாத்திரையை இப்ப இருந்தே போடணும்னு சொல்லி அனுப்புனாங்க.

எனக்கு உடனே பிடிபட்டுப் போச்சு. எம்மவன்தான் முழிச்சான். "ஏன்டா, தட்டைக் கழுவித் துடைச்சுக் காயவச்சு, அப்புறந்தானே பழம் அடுக்குறோம்? ஈரத்தட்டுல அடுக்குனா அடிப்பழம் அழுகிரும்ல?"ன்னு விளக்கினேன். டாக்டரம்மாவே சிரிச்சிட்டாங்க. ஆனா உண்மையைச் சொல்றேம்மா, அந்த "நெஞ்சுல கோளாறு"ங்கிற வார்த்தை எனக்குள்ள முள்ளு மாதிரி தச்சிருச்சு. அன்னைக்கு இருந்து இந்த நிமிசம் வரைக்கும் அது வெளியே வரல. கதவு தொறந்துச்சா? இல்லை, வேற யாரோ.

நல்லது, மூணு நாலு மாசம் போகட்டும்னு இருக்கையில பஞ்சவர்ணம் வந்துட்டா. அவ மக கார்த்திகாவுக்கும் எம்மவனுக்கும் ஒரே மாசத்துலதான் கல்யாணம். கார்த்திகா உண்டாயிட்டா. இனிப்புப் பெட்டியோட வந்து, இவ வயித்தையே பாத்துக்கிட்டு, "என்ன மதினி, இங்க ஏதும் விசேஷம் உண்டா?"ங்கிறா. எனக்குச் சுருக்குன்னுச்சு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்ல? "ஜாதகத்துல ஒரு தோசம் இருக்கு பஞ்சவர்ணம். கேரளாவுல ஒரு பெரியவரைப் பாத்தோம். கொஞ்ச காலம் தள்ளிப்போடச் சொல்லியிருக்காரு"ன்னு எடுத்துவிட்டேன். நம்பிட்டா. ஆடி மாசம் பிரிச்சு வைக்கிறது எதுக்கு, சித்திரை வெயில்ல பிரசவம் ஆகக் கூடாதுன்னுதானே? பெரியவங்க சொன்னா ஒத்துக்குவாங்க, டாக்டர் சொன்னாத்தான் சந்தேகப்படுவாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் வினோ கேக்கிறா, "அத்தே, எனக்கு என்ன தோசம்னு சொன்னீங்க? யாராச்சும் கேட்டா நானும் அதையே சொல்லணும்ல." "பேரு வைக்கலடி, பொதுவாச் சொல்லியிருக்கேன்"னேன். "நல்ல பேரா வைங்க அத்தே"ன்னு சிரிக்கிறா. வாய் கொஞ்சம் கூடுதல் அவளுக்கு.

ஆனா தோசம்னா பரிகாரம் உண்டுல, அதை நான் யோசிக்கல. மறுவாரமே பழனியில இருந்து பஞ்சாமிர்தம் வருது. "மதினி, மருமகளுக்குத் தினம் ஒரு கரண்டி வெறும் வயித்துல." வெள்ளிக்கிழமை மாவிளக்கு, வெல்லம் போட்டு இடிச்சது. கிருத்திகைக்குத் தேனும் தினைமாவும். எங்க ஓரகத்தி பானகம் கரைச்சு ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொண்டாந்துட்டா. சர்க்கரைப் பொங்கலுக்குக் கணக்கே இல்லை. சுகரை மறைக்கச் சொன்ன பொய்யி, ஊருல இருக்கிற வெல்லத்தை எல்லாம் என் வீட்டு வாசல்ல கொண்டாந்து இறக்குது!

"ஒரு வாய் சாப்பிடுறேன் அத்தே, அதுக்குத் தக்கன ஊசியைக் கூட்டிப் போட்டுக்குவேன், ஒண்ணும் ஆகாது"ன்னா வினோ. விடுவேனா? பிரசாதத்தைக் கீழயும் போட முடியாது. எங்க வீட்டுக்காரருக்கு இனிப்பே ஆகாது. எம்மவன் விடிஞ்சா வேலைக்குப் போயிருவான். அப்புறம் யாரு திங்கிறது? நான்தான். கண்ணை மூடிக்கிட்டு மருமகளுக்காகத் தின்னேம்மா. பஞ்சாமிர்தம் மட்டும் கொஞ்சம் விரும்பித்தான் தின்னேன், அதுல பொய் சொல்லக் கூடாது. எந்த மாமியார் செய்வா சொல்லு?

அவளும் லேசுப்பட்டவ இல்லை. சோத்தை அளந்து வைப்பா. காயி ஒரு கிண்ணி, பயறு ஒரு கிண்ணி. சாப்பிட்டதும் மாடியில ஏறி இறங்குவா. கையில பொத்தான் மாதிரி ஒண்ணு ஒட்டியிருப்பா, அது எந்நேரமும் சுகரைப் பாத்து அவ போனுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். ஏறினாலும் கத்தும், இறங்கினாலும் கத்தும். பஞ்சவர்ணம் அதையும் பாத்துட்டா. "இது என்ன மதினி?" "தாயத்து"ன்னேன். "வட்டமா, வெள்ளையா இருக்கு?" "இப்ப வர்ற தாயத்து அப்படித்தான். கேரளாவுல புதுசு." எங்க கிடைக்கும், தன் மகளுக்கும் ஒண்ணு வேணும்னு ஒரு மாசம் என் உயிரை எடுத்துட்டா.

இரும்மா, பாத்ரூம் போயிட்டு வந்துர்றேன். கதவு தொறந்தா அவளை நிக்கச் சொல்லு. பச்சைச் சுடிதார்.

...வரல இன்னும்? சரி. ஒம்பது எட்டாச்சு, எட்டு ஏழாச்சு. ஏழுக்குக் கீழ வர்றதுக்கு மட்டும் மனசே இல்லாம அடம் பிடிச்சுச்சு. வினோ ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, "அத்தே, சுகரை இறுக்கிப் பிடிக்கிறப்ப சில நேரம் ரொம்ப இறங்கிரும். ஏறுறதைவிட இறங்குறதுதான் உடனே ஆபத்து. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். அப்படி ஆனா ஒரு கேள்வியும் கேக்காம சீனித்தண்ணி கொடுங்க"ன்னு சொன்னா. நான் சிரிச்சேன். சுகர்காரிக்குச் சீனி கொடுக்கிறதா? கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கிறவளுக்கு மதி எங்க போச்சு? "சரிடி"ன்னு தலையை ஆட்டி வச்சேன்.

அப்பத்தான் கார்த்திகாவோட வளைகாப்பு வந்துச்சு. ஒம்பதாம் மாசம். மண்டபம் பிடிச்சு, பந்தல் போட்டு, சனம் அம்முது. இருபத்தோரு தட்டு என்னோடது. வினோவுக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டேன். தோள்ல ஒரு பையை எப்பவும் மாட்டிக்கிட்டுத் திரிவா, மிட்டாயும் குளுக்கோசுமா வச்சிருப்பா. பட்டுக்கு அது எடுப்பா இல்லைன்னு கார்லயே வைக்கச் சொல்லிட்டேன். போன் வேற கீச்சுக் கீச்சுன்னு கத்தப் போகுது. தாயத்து கத்தும்னா யாராச்சும் நம்புவாங்களா? "சத்தத்தை அணைச்சுப் போடு"ன்னேன். அணைச்சா. ஒவ்வொண்ணையும் நான்தான் யோசிச்சுச் செய்யணும் எங்க வீட்ல.

பன்னெண்டு மணிக்குப் பந்தின்னு சொல்லியிருந்தாங்க. அதை நம்பி அவ ஊசியைப் போட்டுட்டா. ஊசி போட்டா உடனே சாப்பிடணும்ல. ஆனா விசேஷ வீட்ல எதும் நேரத்துக்கு நடக்குமா? வீடியோக்காரத் தம்பி தட்டுகளை மொத்தமா ஒரு வீசு வீசிட்டுப் போகப் பாத்தான். விடுவேனா? "ஒவ்வொண்ணா எடுப்பா, அந்த மயிலை இன்னும் கிட்டக்க எடு"ன்னு நிப்பாட்டி எடுக்க வச்சேன். முக்கா மணி நேரம் அதுலயே போயிருச்சு. அப்புறம் வளையல் அடுக்கி, சந்தனம் பூசி முடிஞ்சதும் பஞ்சவர்ணம், "வினோவைக் கூட்டியாங்க"ன்னா. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வேணும்னு இருக்கிறவளை வளைகாப்புக்காரி பக்கத்துல உக்கார வச்சு, அதே சந்தனத்தைப் பூசி, ரெண்டு வளையலைப் போட்டுவிடுவாங்க. ராசி ஒட்டிக்கும்பாங்க.

வினோ வந்து உக்காந்தா. பாக்கவே ஒரு மாதிரி இருந்தா. வெளுத்துப்போய், மூக்கு நுனியில வேர்வை. நான் பட்டுச்சேலைப் புழுக்கம்னு நெனச்சேன். திடீர்னு கையை நீட்டி என் லட்டுக் கோபுரத்துல உச்சி லட்டை எடுக்கப் போறா! எம்புட்டுப் பாடுபட்டு மாசக்கணக்காச் சுகரை இறக்கி வச்சிருக்கோம், இவ பாட்டுக்கு லட்டைத் தூக்குறாளேன்னு எனக்கு ஆத்திரம். ஓடிப்போய் கையில பட்டுன்னு ஒண்ணு வச்சேன். லட்டு உருண்டு போயிருச்சு.

அவ என்னை நிமிந்து பாத்தா. பாத்தாளே தவிர, என்னைத் தெரியல அவளுக்கு. கண்ணு எங்கேயோ சொருகுது. தலை ஆடுது. ஜாக்கெட்டு நனைஞ்சு முதுகுல ஒட்டிக்கிடக்கு. உதடு நடுங்க என்னமோ முனங்குறா.

"ஆத்தா வந்துட்டா!"ன்னு கத்துனா பாரு பஞ்சவர்ணம்.

அம்புட்டுத்தான். மண்டபமே எந்திரிச்சிருச்சு. குலவை போடுறாங்க. ஒருத்தி வேப்பிலைக்கு ஓடுறா, ஒருத்தி சூடம் ஏத்துறா. மேளக்காரர் வேற சும்மா இருக்காம உருமி மாதிரி ஒரு அடி அடிக்கிறாரு. பஞ்சவர்ணம் அவ கால்லயே விழுந்துட்டா. அம்பது வயசுக்காரி! "தாயி, யாரு வந்திருக்கிறது? மாரியா, காளியா? எங்க அண்ணன் வீட்டுத் தோசம் எப்பத் தாயி தீரும்?"

வினோ, "சீனி... சீனி குடுங்க"ங்கிறா.

"ஆத்தா சீனி கேக்கிறா! பொங்கல் வைக்கச் சொல்றா!" சமையக்காரரைக் கூப்பிட்டுப் புதுப்பானை இருக்கான்னு கேக்கிறாங்க. பானையை மஞ்சத்தண்ணியில கழுவணுமாம். மூணு கல்லு வேணுமாம். இவ பக்கவாட்டுல சாயிறா. கார்த்திகா அம்புட்டுப் பெரிய வயித்தை வச்சுக்கிட்டு, இவளைத் தோள்ல தாங்கிப் பிடிச்சிருக்கா.

எனக்கு அப்பத்தான், வேர்வை, நடுக்கம், குழறல்னு அவ விரல் விட்டுச் சொன்னது காதுல கேக்குது. இந்தப் புள்ளை என் கண்ணு முன்னாலயே போயிருமோன்னு பயந்துட்டேன். அந்த வினாடியில ஊராவது பேராவது! நாற்காலி மேல ஏறி நின்னு கத்துனேன். "ஆத்தாவும் வரல ஒருத்தியும் வரல! என் மருமகளுக்குச் சுகர்! ஏழாவது படிக்கையில இருந்து சுகர்! இப்ப அது இறங்கிக் கிடக்கு! வேப்பிலையைத் தூரப் போட்டுட்டு ஜூஸைக் கொண்டாங்கடி!" வாசல்ல வரவேற்புக்கு வச்சிருந்த ஆரஞ்சு ஜூஸு. ஒரு டம்ளரைக் கொஞ்சம் கொஞ்சமாப் புகட்டுனேன். முழுங்குனா. அடுத்தது. அதுக்கடுத்தது. உருமி அடிச்சவரு குச்சியைத் தூக்குனபடியே நிக்கிறாரு.

கால் மணி நேரம் இருக்கும். கண்ணு நேரா வந்துச்சு. சுத்தி இருக்கிற கூட்டத்தையும் சூடத்தையும் பாத்துட்டு, "அத்தே, என்னை யாரோ கையில அடிச்ச மாதிரி இருந்துச்சே"ங்கிறா. "கூட்டத்துல யாரோ தெரியாமத் தட்டியிருப்பாங்கடி"ன்னுட்டேன். அதையெல்லாம் அப்பப் பேசிக்கிட்டு இருக்க முடியுமா? காப்பாத்துனது யாரு, நான்தானே.

இனி பஞ்சவர்ணம் என்ன கேப்பாளோன்னு நிக்கிறேன். "அப்போ தோசம்?"னு இழுக்கிறா. நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள கார்த்திகா அழுதுட்டா. "எனக்கும் சுகர்தான் அத்தே. ஆறாம் மாசத்துல வந்துச்சு. ரெண்டு வேளை ஊசி போடுறேன். வெளியே சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிருச்சு. காலையில இருந்து எல்லாரும் வாயில இனிப்பாத் திணிக்கிறாங்க, வேண்டாம்னும் சொல்ல முடியல." எப்படி இருக்கு பாரு! சொந்த மகளுக்கு இருக்கிறதை மறைச்சு வச்சுக்கிட்டு என்னை வந்து நோண்டியிருக்கா. தன் முதுகு தனக்குத் தெரியாதுங்கிறது சரியாத்தான் இருக்கு. சிலபேரு அப்படித்தாம்மா, தன்கிட்ட இருக்கிறதை ஒத்துக்கவே மாட்டாங்க.

அப்புறம் என்ன, பந்தியில எல்லாரும் அதேதான் பேச்சு. ஓரகத்திக்கு இருக்காம். மேளக்காரருக்கு இருக்காம். வினோவும் கார்த்திகாவும் ஒரே இலையைப் பாத்து, இதுல எதைச் சாப்பிடலாம், எம்புட்டுன்னு பேசிக்கிட்டு இருக்காங்க. பஞ்சவர்ணம் என் பக்கத்துல வந்து உக்காந்தா. "பயமா இருந்துச்சு மதினி, மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்வாங்களோன்னு"ன்னா. எனக்கு அவ மேல கோவமே வரல. அப்பளத்தை எடுத்து அவ இலையில வச்சேன்.

கார்த்திகாவுக்குப் பொம்பளைப் பிள்ளை. நல்லா இருக்கு.

அடுத்த தடவை வினோ ரத்தம் கொடுத்தப்ப ஆறு புள்ளி மூணு. டாக்டரம்மா கையைக் கொடுத்து, "இனி நீங்க ஆரம்பிக்கலாம்"னு சொன்னாங்க. எனக்குச் சந்தோசம் தாங்கல. இனிமே எதையும் மறைக்கக் கூடாதுன்னு வளைகாப்பு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்ல, அதனால அந்த ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எங்க குடும்ப வாட்ஸ்அப்புல போட்டேன். "டாக்டர் அனுமதி கொடுத்துட்டாங்க. இன்று முதல் முயற்சி ஆரம்பம். அனைவரும் வாழ்த்தவும்." அறுபது பேரு கை கூப்பியிருந்தாங்க. சித்தப்பா ஒருத்தரு "வெற்றி நிச்சயம்"னு போட்டிருந்தாரு. எம்மவன் ரெண்டு நாளா என்கிட்டப் பேசல, ஏன்னே தெரியல. வினோ தலையணையில முகத்தைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே இருந்தா. நானும் இங்கிதம் தெரிஞ்சவதானே, எங்க வீட்டுக்காரரை இழுத்துக்கிட்டுப் பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் உக்காந்துட்டேன். "ஏன்டி, நம்ம வீட்ல என்ன குறை?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு மனுசன்.

உண்டானதை முதல்ல என்கிட்டத்தாம்மா வந்து சொன்னா. புருசன்கிட்டக்கூட அப்புறந்தான். அடுப்படியில நின்னு, "அத்தே, இதை மட்டும் மூணு மாசத்துக்கு வாட்ஸ்அப்புல போடாதீங்க"ன்னா. போடலையே. பஞ்சவர்ணத்துகிட்ட மட்டும் போன்ல சொன்னேன்.

எனக்கு எதுக்கு ரத்தம்னு கேட்டல்ல? அவ மெசின்ல ஒரு நாள் விளையாட்டா என் விரலைக் குத்துனா. முன்னூத்திப் பத்துன்னு காட்டுச்சு. மெசின் கோளாறு. இல்லாட்டி தின்ன பிரசாதம் எல்லாம் ரத்தத்துல நிக்குது, இறங்கிரும். அதுக்குப்போய் என்னை ஸ்கேனுக்கு வந்த இடத்துல... இரு. கதவு தொறக்குது.

அவதான். பச்சைச் சுடிதார். டாக்டரும் கூட வர்றாங்களே. ஏம்மா, டாக்டர் ஏன் கூட வர்றாங்க? சும்மா வருவாங்களா? அவ முகம் தெரியுதா உனக்கு? எனக்குச் சரியாத் தெரியல. அழுகுறாளா, சிரிக்கிறாளா? என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கம்மா. எந்திரிச்சுக்கிறேன்.

என்னடி? என்னடி சொல்றாங்க? நின்னு பேசுடி. நாலு அறையா? நெஞ்சுக்கு நாலு அறையாடி? நாலுமா? நாலுமே நல்லா இருக்கா? ஓட்டை ஒடசல் எதுவும்... எதுவும் இல்லையா? டாக்டர், நீங்களே ஒருக்கா சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க.

இந்தாம்மா. இந்தப் போனைப் பிடி. பஞ்சவர்ணம்னு இருக்கும் பாரு, அவ பேசுற மாதிரி போட்டோ போட்டிருக்கும், அவளைக் கூப்பிடு. காலையில இருந்து சோறு திங்காம உக்காந்திருக்கா. நீயே சொல்லிரும்மா. எனக்குப் பேச்சு வரல.